விமானியாக ஆசைப்படும் டெல்டா பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் திருவையாற்றுக்கும் நடுவில், காவிரிக் கரையில் எங்கள் ஊர். 1984-ல் நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்புறம் இருபத்தெட்டு வருடம் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். எனக்கு முன்னால் எங்கள் பெரியப்பா 1963-ல் பறந்தவர். எனக்குப் பின்னால் அண்ணன் மகள் 2022-ல் பயிற்சிக்குப் போனாள். இப்போது ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானத்தில் துணை விமானி. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை என்பதால், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் மன்னார்குடி, பாபநாசம், நாகப்பட்டினம் என்று எங்கிருந்தாவது யாராவது எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

பையன் பைலட் ஆகணும்னு ஒத்தைக் காலில் நிற்கிறான். நிலத்தை விற்றுவிடலாமா?

இப்போது வேண்டாம். முதலில் மெடிக்கல்.

விமானிக்கான உடல் பரிசோதனை இரண்டு படி. மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் முதலில் கிளாஸ் 2. அதில் தேறியபின் கிளாஸ் 1. வணிக விமானி உரிமத்துக்குக் கிளாஸ் 1 இல்லாமல் எதுவும் நடக்காது. ரத்தம், இசிஜி, காது, கண், நுரையீரல் எல்லாம் பார்ப்பார்கள். அந்தச் சான்றிதழ் கைக்கு வரும்வரை ஒரு குழி நிலத்தைக்கூட விலை பேசாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு தகப்பனார். ஆறு மா நஞ்சையை விற்று, பயிற்சி நிலையத்துக்கு முதல் தவணை கட்டிவிட்டு, அதற்குப் பிறகு பையனைக் கிளாஸ் 1 பரிசோதனைக்கு அழைத்துப் போனார். பையனுக்கு நிறக்குறைபாடு. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை. பிறந்ததில் இருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, "ஒரு கண் டாக்டர்கிட்ட முன்னாடியே காட்டியிருக்கலாமேப்பா" என்று மட்டும் சொன்னார். வேறு ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு முதல் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது கண்ணைப் பற்றித்தான்.

என் பெண் கண்ணாடி போட்டிருக்கிறாள். அப்படியென்றால் முடியாதா?

முடியும். கண்ணாடி போட்டபின் பார்வை சரியாக இருந்தால் பவர் பெரும்பாலும் தடை இல்லை. கண்ணாடி போட்ட கேப்டன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிறக்குறைபாடுதான் வேறு விஷயம். விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை. இரவில் எதிரே தெரியும் விமானம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரன்வே ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான உயரத்தில் இறங்குகிறோம். நான்கும் சிவப்பாகிவிட்டால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டோம். ரேடியோ வேலை செய்யாத நேரத்தில் கோபுரத்தில் இருந்து பச்சை விளக்கா சிவப்பு விளக்கா காட்டுகிறார்கள் என்பதுதான் இறங்கலாமா கூடாதா என்பதற்குப் பதில். ஆகவே இதில் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.

என்ன படித்திருக்க வேண்டும்?

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும். வணிகவியல் எடுத்த பிள்ளைகள் அந்த இரண்டு பாடங்களை மட்டும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதித் தேறலாம். பலர் அப்படிச் செய்திருக்கிறார்கள். மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயது, சொந்தமாகப் பறக்கும் தனியார் உரிமத்துக்கு 17, வணிக உரிமத்துக்கு 18 நிரம்பியிருக்க வேண்டும். பிறகு டிஜிசிஏ எழுத்துத் தேர்வுகள்: வான்வழி கண்டறிதல் (நேவிகேஷன்), வானிலை, விமானச் சட்டங்கள், தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். ரேடியோவுக்குத் தனித் தேர்வு. இந்தத் தேர்வுகளை வீட்டில் இருந்தே படித்து முடித்துவிட்டுப் பறக்கப் போகிற பிள்ளைக்குப் பணமும் மிச்சம், மனதில் பாரமும் குறைவு.

மொத்தம் எவ்வளவு ஆகும்? வங்கியில் கடன் கிடைக்குமா?

இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 50 முதல் 60 லட்சம் வரை ஆகிறது. அதோடு முடிவதில்லை. ஏர்பஸ் ஏ320, போயிங் 737, ஏடிஆர் என்று எந்த வகை விமானத்தில் வேலை பார்க்கப் போகிறோமோ அதற்குத் தனியாக டைப் ரேட்டிங் வேண்டும். அதற்கு இன்னும் 15 லட்சத்துக்கு மேல். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்களில் சேர்ந்தால் மொத்தம் ஒரு கோடியைத் தொடும்.

கடன் உண்டு. ஆனால் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும். நம்மூர்க்காரர்களுக்குச் சிக்கல் அங்கேதான். கடன் திரும்பவில்லை என்றால் சொத்தை நேரடியாகக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் நன்றாக விளைகிற நஞ்சையைக் காட்டினாலும் மேனேஜர் தயங்குவார். ஊரில் இருக்கும் மனைக்கட்டையோ வீட்டையோதான் கேட்பார். இது தெரியாமல் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நாலு வங்கிக்கு அலைந்து, கடைசியில் அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு நிலத்தைக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பத்திரம், வரி ரசீது, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஆறு மாதம் முன்பே தயார் செய்யுங்கள்.

ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தில் வணிக விமானி உரிமப் படிப்பும் சேர்ந்திருக்கிறது. முழுச் செலவுக்கும் காணாது. அதற்காக விட்டுவிடாதீர்கள், விண்ணப்பியுங்கள்.

எந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்ப்பது? டெல்டாவுக்குள் ஏதாவது இருக்கிறதா?

டெல்டா மாவட்டங்களுக்குள் இல்லை. நமக்குக் கிட்டத்தில் சேலம் விமான நிலையத்தில் ஒன்று இருக்கிறது. பெங்களூரு ஜக்கூரில் கர்நாடக அரசின் பழைய பள்ளி. மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமி உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக முடியும், இட ஒதுக்கீடும் உண்டு. அங்கே இடம் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

தனியார் நிலையம் என்றால், கண்ணாடிக் கட்டடத்தையும் வரவேற்பறைச் சோபாவையும் பார்க்காதீர்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்று விசாரித்துவிட்டுத்தானே நாம் நாற்றங்கால் போடுகிறோம்? அதே மாதிரி விசாரிக்க வேண்டும். இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது? ஹேங்கரில் படுத்திருப்பது எத்தனை? இன்ஸ்ட்ரக்டர் எத்தனை பேர்? ஒரு மாணவருக்கு மாதம் சராசரியாக எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? போன வருடம் சேர்ந்த பிள்ளைகளில் இரண்டு பேருடைய நம்பர் வாங்கி, நிலையத்துக்கு வெளியே வைத்துப் பேசுங்கள். 2025-ல் இருந்து டிஜிசிஏ பயிற்சி நிலையங்களுக்குத் தரவரிசையும் போடுகிறது, அதையும் பாருங்கள்.

பணத்தை மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை. எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் சேர்ந்த இடத்தில் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி நின்றுவிட்டன. பதினெட்டு மாதத்தில் முடிய வேண்டியது நாலு வருடம் இழுத்தது. முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டியிருந்ததால் அவனால் வேறு இடத்துக்கும் போக முடியவில்லை.

உங்கள் பெரியப்பா காலத்தில் எப்படி இருந்தது? அப்போது எல்லாமே ஈசியா?

பணம் குறைவு, வாய்ப்பு அதைவிடக் குறைவு.

இந்தியாவில் கொடுக்கப்பட்ட எண் 1 விமானி உரிமம் 1929 பிப்ரவரி 10 தேதியிட்டது, ஜே.ஆர்.டி. டாடாவுடையது. 1932 அக்டோபர் 15 அன்று அவர் கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்து வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்தார். 1938-ல் அந்தத் தபால் தடம் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. பெரியப்பாவுடைய அப்பா திருச்சிக்கு மாட்டு வண்டியில் போனபோது அந்த விமானத்தை அண்ணாந்து பார்த்த கதையைச் சொல்லிச் சொல்லித்தான் பெரியப்பாவுக்கு ஆசையே வந்தது.

1963-ல் பெரியப்பா மீனம்பாக்கத்தில் கற்றுக்கொண்டது புஷ்பக் என்ற விமானத்தில். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல் நம் நாட்டு ஃபிளையிங் கிளப்புகளுக்காகவே செய்தது. 1958-ல் முதலில் பறந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட், 90 குதிரைத்திறன் இன்ஜின், உடம்பு முழுக்கத் துணி போர்த்தியது. செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று புரொப்பல்லரைக் கையால் சுற்றிவிட வேண்டும். "ஸ்விட்ச் ஆஃப்", "கான்டாக்ட்" என்று இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்லிக்கொள்ளும் வார்த்தைகளைப் பெரியப்பா தூக்கத்தில்கூடச் சொல்வார் என்று பெரியம்மா சொல்வாள். தப்பாகச் சொன்னால் எதிரே நிற்பவருடைய கை போய்விடும். அரசாங்கம் கிளப்புகளுக்கு மானியம் கொடுத்த காலம் அது. அதனால்தான் ஒரு மிராசுதார் அல்லாத வீட்டுப் பிள்ளையால் அங்கே போக முடிந்தது.

ஜிபிஎஸ் கிடையாது. மதராஸில் இருந்து திருச்சிக்கு வர ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். விழுப்புரத்தில் தண்டவாளம் பிரியும். வலது பக்கம் விருத்தாசலம் வழியாகப் போகிற கார்டு லைன், இடது பக்கம் மாயவரம் வழியாகப் போகிற மெயின் லைன். ஒருநாள் பெரியப்பா கார்டு லைன் என்று நினைத்து மெயின் லைனைப் பிடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கீழே நான்கு கோபுரங்கள். சிதம்பரம். கை நடுங்கியதாம். அப்புறம் யோசித்திருக்கிறார்: இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கொள்ளிடம் வரும், அதை எதிர்நீச்சல் போடுகிற மாதிரி மேற்கே பிடித்துக்கொண்டு போனால் ஸ்ரீரங்கம் வந்தே தீர வேண்டும். அப்படியே மணல்வெளி மேலேயே போய், மலைக்கோட்டை தெரிந்ததும் தெற்கே திரும்பி இறங்கிவிட்டார். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் அப்போது மொட்டைக் கோபுரம். 1987-ல் அதைக் கட்டி முடித்தபின் என் மாணவர்களுக்கு 236 அடியில் ஓர் அடையாளம் கிடைத்தது, அவருக்கு அது இல்லை.

வேலை? 1953-ல் விமானப் போக்குவரத்தை அரசுடைமை ஆக்கியபின் நாட்டில் இரண்டே நிறுவனங்கள், இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும். பெரியப்பா தொண்ணூற்றுச் சொச்சம் மணி நேரம் பறந்தார். அதற்கு மேல் கட்டப் பணமில்லை, ஊருக்குத் திரும்பி வந்து குறுவையும் சம்பாவும் பார்த்தார். பறந்த மணிக்கணக்கை எழுதிவைக்கும் லாக்புக்கை மஞ்சள் பையில் சுற்றி நெல் குதிருக்குப் பக்கத்துப் பரணில் வைத்திருந்தார். நான் பத்து வயதில் அதை எடுத்துப் படித்தேன்.

200 மணி நேரம் என்கிறார்களே, அதில் என்ன செய்வார்கள்?

வணிக உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் நாமே விமானத்துக்குப் பொறுப்பாக. ஊர்விட்டு ஊர் போகும் பயணம் 20 மணி நேரம். அதில் ஒரு பயணம் குறைந்தது 300 நாட்டிகல் மைல், அதாவது 555 கிலோமீட்டர், நடுவில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறி. இரவில் 5 மணி நேரம், 10 முறை ஏறி இறங்க வேண்டும். வெளியே எதையும் பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சியும் உண்டு.

ஆனால் மணிக்கணக்கில் சேராத வேலை ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். விடியற்காலையில் விமானத்தின் இறக்கைக்குக் கீழே குனிந்து, டேங்க்கின் அடியில் உள்ள சின்ன வால்வைக் கண்ணாடிக் குவளையால் அழுத்தினால் கொஞ்சம் பெட்ரோல் வடியும். விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். குவளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். நம் பக்கம் மார்கழிப் பனியில் டேங்க்குக்குள் ஈரம் கோத்துத் தண்ணீராகி அடியில் தங்கும். நீலத்துக்குக் கீழே நிறமில்லாமல் ஒரு குமிழ் உருண்டு நின்றால் அது தண்ணீர். அது இன்ஜினுக்குப் போனால் மேலே ஏறும்போது இன்ஜின் நின்றுவிடும். பம்புசெட் டீசலில் தண்ணீர் கலந்து திக்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. முழுக் குவளையும் நிறமில்லாமல் இருந்தால்? அப்போதுதான் ஏமாந்துவிடுவார்கள், நீலமே இல்லையே என்று தோன்றாது. அதனால் நிறம், வாசனை இரண்டையும் பார்க்கச் சொல்வேன்.

தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். ஆங்கிலத்தில் பேசத் தெரியாமல் முடியுமா?

ஆங்கிலம் வேண்டும், மேடைப் பேச்சு வேண்டாம். சர்வதேச அளவுகோலில் நிலை 4 இருந்தால் போதும். ரேடியோவில் பேசுவது அளவான, பழகிய வாக்கியங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன உயரம், திசை, ரன்வே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆறு மாதம் தினமும் அரை மணி நேரம் சத்தமாகப் பேசிப் பழகினால் நாக்கு திரும்பிவிடும்.

தமிழ் மீடியம் பிள்ளைகளிடம் நான் பார்த்த உண்மையான ஆபத்து வேறு. புரியாததைப் புரிந்ததுபோலத் தலையாட்டி விடுவார்கள், கூச்சம். ஆகாயத்தில் அந்தக் கூச்சம் உயிரை எடுக்கும். "ஸே அகெய்ன்", அதாவது மறுபடி சொல்லுங்கள் என்று கேட்பது முப்பதாயிரம் மணி நேரம் பறந்த கேப்டனும் செய்வதுதான். தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று. வானிலைப் பாடத்துக்குப் பயப்படாதீர்கள், அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். விமான வானிலை அறிக்கையில் காற்று எந்தத் திசையில் இருந்து வருகிறது என்பதைப் பாகையில் சொல்வார்கள். நம் தமிழும் அப்படித்தான் வந்த திசையை வைத்துப் பேர் வைத்திருக்கிறது. வடக்கே இருந்து வந்தால் வாடை, 360. கிழக்கே இருந்து கொண்டல், 090. தெற்கே இருந்து தென்றல், 180. மேற்கே இருந்து கோடை, 270. என் மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், ஒருவரும் மறந்ததில்லை. ரன்வேக்கு வைக்கும் எண்ணும் இதே பாகைதான், கடைசிச் சைபரை எடுத்துவிட்டு. திருச்சி ரன்வே 09, 27 என்றால் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆடியில் மேற்கே இருந்து காற்று அடிக்கும்போது காற்றை எதிர்த்து 27-ல் ஏறுவார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், துணி போர்த்திய புஷ்பக் எம்மாத்திரம்? பறக்காத நேரத்தில் அதைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார்களாம்.

முதல் முறை தனியாகப் பறக்கும்போது பயமாக இருக்காதா?

இருக்கும், ஆனால் நினைத்துப் பார்க்க நேரம் இருக்காது.

என் கதையைச் சொல்கிறேன். 1984, செஸ்னா 152, இரண்டு சீட். காலையில் மூன்று சுற்று ஏறி இறங்கினோம். நான்காவது சுற்றுக்கு ரன்வே முனையில் நின்றபோது என் இன்ஸ்ட்ரக்டர் கதவைத் திறந்து இறங்கினார். என்ன தப்புச் செய்தேன் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் திட்டவில்லை. காலியான சீட்டின் பெல்ட்டை எடுத்து மாட்டினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "ஒரே ஒரு சர்க்யூட். இறங்கி வா" என்றார். கதவைச் சாத்திவிட்டுப் புல்தரையில் போய் நின்றுகொண்டார்.

பெல்ட்டை மாட்டுவதற்குக் காரணம் உண்டு. அவிழ்ந்து கிடந்தால் கண்ட்ரோலில் சிக்கிக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் யாரும் இல்லாத சீட்டில் பெல்ட் இறுக்கமாக மாட்டியிருப்பதைப் பார்த்த அந்த நொடியில்தான், இனிமேல் கேட்க ஆள் இல்லை என்பது உறைத்தது.

152-ன் முழு எடையே 757 கிலோதான். அதில் ஒரு ஆள் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தரையை விட்டுச் சட்டென்று எழும்பியது, வழக்கமான இடத்துக்கு முன்பே உயரம் வந்துவிட்டது. இறங்கும்போது எடை இல்லாததால் தரையைத் தொடாமல் ரன்வே மேல் மிதந்துகொண்டே போனது. அவசரப்பட்டு மூக்கை அழுத்தக் கூடாது என்று அவர் ஆயிரம் தடவை சொன்னது காதில் கேட்டது. காத்திருந்தேன். சக்கரம் தானாகத் தொட்டது.

பின்னாளில் நான் அதே பெல்ட்டை எத்தனையோ பிள்ளைகளுக்காக மாட்டியிருக்கிறேன். இறங்கி நின்று பார்க்கிற அந்த ஆறு நிமிடம், கற்றுக்கொடுக்கிறவனுக்குத்தான் நீளம்.

பெண்பிள்ளையை இதில் விடலாமா? சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பேசுகிறார்கள்.

விடுங்கள். உலக அளவில் பெண் விமானிகளின் பங்கு மிகக் குறைவு; இந்தியாவில் சுமார் 15 சதவீதம், உலகிலேயே முன்னணி. இது நேற்று வந்ததும் இல்லை. 1951-லேயே உஷா சுந்தரம் தன் கணவரோடு சேர்ந்து இங்கிலாந்தில் இருந்து மதராஸுக்கு ஒரு டவ் விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். 1966-ல் துர்பா பானர்ஜி இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். 2016-ல் விமானப்படையில் மூன்று பெண்கள் போர் விமானிகள் ஆனார்கள்.

என் அண்ணன் மகள் போகும்போதும் எங்கள் தெருவில் பேசினார்கள். அவளுடைய அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஹாஸ்டல் எப்படி, ராத்திரிப் பறக்கிற நாளில் ஏர்ஃபீல்டில் இருந்து ரூமுக்கு எப்படி வருவாள்?" சரியான கேள்வி அதுதான். அதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

தஞ்சாவூரில் சுகோய் பறக்கிறதே, விமானப்படையில் சேர்வது எப்படி?

தஞ்சை விமான தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம். 2013-ல் விமானப்படை நிலையமாகப் புதுப்பித்தார்கள். 2020 ஜனவரியில் சுகோய் 30 அணி ஒன்று அங்கே வந்தது. வல்லம் பக்கம் இருக்கிற பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டே ஆசைப்படுகிறார்கள்.

பிளஸ் டூ முடித்ததும் என்டிஏ, அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு. 2022-ல் இருந்து பெண்களும் சேர்கிறார்கள். பட்டம் முடித்தால் விமானப்படையே நடத்தும் ஏஎஃப்கேட் தேர்வு. பயிற்சிக்கு ஒரு பைசா செலவில்லை, நாடு செலவு செய்யும். உயரம் மட்டும் இல்லை, காலின் நீளம், உட்கார்ந்த உயரம் எல்லாம் அளப்பார்கள். விமானி ஆகத் தகுதி இருக்கிறதா என்று கணினியில் வைக்கும் தேர்வில் வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான், அதனால் அரைகுறையாகப் போய் உட்கார வேண்டாம். ஆறாம் வகுப்பிலேயே ஆசை இருந்தால் உடுமலை அமராவதிநகர் சைனிக் பள்ளியைப் பாருங்கள். என் கருத்து: பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை முதலில் முயல வேண்டிய வழி இதுதான். பலரும் இதைக் கடைசி வழியாக வைத்திருப்பது எனக்கு வருத்தம்.

உரிமம் வாங்கியதும் வேலை நிச்சயமா?

இல்லை. 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது, 2019-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2020-ல் கொரோனா. ஒவ்வொரு முறையும் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 2023-ல் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கின்றன, ஆள் தேவைப்படும். ஆனால் விமானம் எப்போது வந்து சேரும், உங்கள் பிள்ளை எப்போது முடிப்பான் என்பது ஒத்துவர வேண்டும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் நல்லதுதான், திறக்காத வருடமும் இருக்கிறதே. இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் கடனுக்கு வட்டி கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். ஒரு பட்டப்படிப்பைத் தபாலிலாவது முடித்து வைப்பது நல்லது.

ட்ரோன் ஓட்டுவதும் பைலட் வேலைதானா?

ஆமாம். அதைக் குறைவாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். எழுபதுகளில் எச்ஏஎல் வயலுக்கு மருந்தடிக்க என்றே பசந்த் என்று ஒரு விமானம் செய்தது. அந்த வேலையை இன்றைக்கு நம் தெருவில் இருக்கும் பெண் பத்து லிட்டர் டேங்க் வைத்த ட்ரோனால் ஓர் ஏக்கருக்குப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறாள்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 18 வயது, டிஜிசிஏ அங்கீகரித்த இடத்தில் சில நாள் பயிற்சி. சான்றிதழ் 10 வருடத்துக்குச் செல்லும். மகளிர் குழுக்களுக்கு நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் ட்ரோன் விலையில் 80 சதவீதம், 8 லட்சம் வரை மானியம். பறக்கவிடும் முன், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நம் இடம் சிவப்பு, மஞ்சள், பச்சை எது என்று பார்க்க வேண்டும். தஞ்சை தளத்தைச் சுற்றி உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். காற்று வீசும்போது மருந்து பக்கத்து வயலுக்குப் போகும் என்பதால் அவளும் காலையில் காற்றுத் திசை பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறாள்.

எனக்கு 46 வயது. வேலைக்கு இல்லை, ஆசைக்குக் கற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. தனியார் உரிமத்துக்கு 40 மணி நேரம், கிளாஸ் 2 மெடிக்கல் போதும். மேல் வயது வரம்பு இல்லை. சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் பெரியப்பா இந்தத் தலைமுறையைப் பார்த்தாரா?

பார்த்தார். 2023 பொங்கலுக்கு அண்ணன் மகள் பயிற்சியில் இருந்து ஊருக்கு வந்தபோது அவருக்கு 82 வயது. அவள் செஸ்னா 172-ன் படத்தைப் போனில் காட்டினாள். முள் வைத்த வட்டக் கருவிகள் இருந்த இடத்தில் இரண்டு பெரிய திரைகள். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதில் தண்டவாளம் தெரியுமா?" என்றார். "தெரியும் தாத்தா, ஆறும் தெரியும்" என்றாள். பரணில் இருந்து மஞ்சள் பையை இறக்கச் சொன்னார். அவருடைய லாக்புக்கும் அவளுடையதும் ஊஞ்சலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் முதல் முறை தனியாகப் பறந்ததைச் சோலோ என்று எழுதிய வரியைத் தேடிக் கண்டுபிடித்து விரல் வைத்தார்.

"உனக்கு யாரு மாட்டிவிட்டா, பெல்ட்டு?"

"மேடம்தான் தாத்தா. மாட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தாங்க."

"ரெண்டு தடவையா" என்று கேட்டுவிட்டு, அவர் மறுபடி அந்த வரியைப் படிக்க ஆரம்பித்தார்.